இசைத்தட்டில் ஏறிய பூச்சி

வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் என்னென்ன படங்கள் இருக்கின்றன என்ற பட்டியலை வாசித்துக்கொண்டே போனால், டாஃபோடில் பூக்களோடு நிற்கும் மரம் ஒன்றுக்கும் முதுகெலும்புள்ள விலங்குகளின் பரிணாம வரைபடத்துக்கும் நடுவில் ஒரு வரி வரும்: பறக்கும் பூச்சி, பூக்களுடன். எடுத்தவர் ஸ்டீஃபன் டால்டன். வந்த இடம் 'போர்ன் ஆன் தி விண்ட்' என்ற அவருடைய புத்தகம். அதற்கு மேல் விவரம் கிடையாது. என்ன பூச்சி, என்ன பூ என்றுகூடச் சொல்லவில்லை. பட்டியலில் பூச்சி என்று பெயர் சொல்லி இருப்பது இது ஒன்றுதான். பூமியில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட விலங்கினங்களில் பாதிக்கு மேல் பூச்சிகள். அந்தப் பெருங்கூட்டம் மொத்தத்துக்கும் ஒரே ஒரு பிரதிநிதி.

அந்த ஒன்று எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் கதை. ராக்கெட் ஏறியது கதையின் கடைசிப் பகுதி. அதைவிடக் கடினமான பயணம் பூச்சியின் இறக்கையிலிருந்து ஃபிலிம் வரைக்குமான சில அங்குலம்.

உட்கார்ந்திருக்கும் பூச்சியைப் படமெடுப்பதே பெரும்பாடு. பெரும்பாலான பூச்சிகள் வெயிலிடம்தான் சூட்டைக் கடன் வாங்கியாக வேண்டும். இரவுக் குளிரில் விறைத்து, இறக்கையெல்லாம் பனித்துளியோடு புல்நுனியைக் கட்டிக்கொண்டு கிடக்கும். அதனால்தான் மேக்ரோ படக்காரர்கள் விடியுமுன் எழுந்து போய் ஈரப் புல்லில் முட்டி போடுகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் தும்பி உடம்பை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு கிளம்பிவிடும். அதற்குள் எடுத்தால் உண்டு.

பூச்சி அசையாமல் இருந்தாலும் வேலை சுலபமாகிவிடாது. பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவில் அதன் பிம்பம் ஃபிலிமில் விழவேண்டும் என்றால், லென்ஸின் அப்பர்ச்சரை எஃப்/16 வரை சுருக்கினாலும் துல்லியமாகத் தெரியும் ஆழம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர்தான். கண் துல்லியமாக விழுந்தால் வயிறு மங்கும். இந்த அளவில் லென்ஸின் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்வது யாருக்கும் ஒத்துவராது. வளையத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டு, உடம்பை மயிரிழை முன்னும் பின்னும் சாய்த்து, கண் தெளிகிற நொடியில் பொத்தானை அமுக்க வேண்டும். காற்றடித்தால் புல் ஆடும். மூச்சு விட்டால் நாம் ஆடுவோம்.

அடுத்தது வெளிச்சம். அப்பர்ச்சரைச் சுருக்கினால் வெளிச்சம் போதாது. 1970-களில் இயற்கைப் படக்காரர்கள் விரும்பி வாங்கிய கோடாக்ரோம் ஃபிலிமின் வேகம் வெறும் 25 ஏஎஸ்ஏ. இன்றைய கேமராவில் அவ்வளவு தாழ்ந்த எண்ணைத் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆகவே ஃபிளாஷ் கட்டாயம். ஃபிளாஷ் போட்டால் பக்கத்தில் இருக்கும் பூச்சி வெளிச்சமாகும். இரண்டடி பின்னால் இருக்கும் செடிக்கு அந்த வெளிச்சம் போய்ச் சேராது. பட்டப்பகலில் எடுத்த படத்திலும் பின்னணி கன்னங்கரேலென்று இருக்கும். பழைய பூச்சிப் புத்தகங்களைப் புரட்டினால் எல்லாப் பூச்சிகளும் ராத்திரியில்தான் வாழ்ந்தன என்று நினைக்கத் தோன்றும்.

இதெல்லாம் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு. பறக்கும் பூச்சியைப் பற்றி ரொம்ப நாள் பெரும்பாலோர் வாயே திறக்கவில்லை. வெகுகாலம் பூச்சிப் படம் என்றாலே செத்த பூச்சியின் படம்தான். அமெரிக்கத் தாவரவியலாளர் டேவிட் ஃபேர்சைல்டும் அவர் மனைவி மரியனும் 1914-இல் கொண்டுவந்த 'புக் ஆஃப் மான்ஸ்டர்ஸ்' இந்தத் துறையின் முன்னோடிப் புத்தகங்களில் ஒன்று. மரியன், தொலைபேசி புகழ் கிரகாம் பெல்லின் மகள். நீளமான பெட்டிக் கேமராவை வைத்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளை ராட்சசர்களாக்கிக் காட்டினார்கள். வெட்டுக்கிளி நம்மை நேருக்கு நேர் முறைக்கும். ஆனால் அது உயிரோடு நின்று முறைத்ததல்ல. கொன்று, காலையும் உணர்கொம்பையும் பதமாக நிமிர்த்தி, நிற்பதுபோல் வைத்து எடுத்தது. நீண்ட நேரம் ஒளிபட வேண்டிய அந்தக் காலத்து முறைக்கு வேறு வழியும் இல்லை.

பறத்தலைப் பிடிக்க முயன்றவர்கள் அதற்கு முன்பே பிரான்சில் இருந்தார்கள். எத்தியென் ழூல் மாரே என்ற உடலியலாளர் குளவியின் இறக்கை நுனியில் பொன்தகட்டுத் துணுக்கை ஒட்டி, வெயிலில் அது மின்னும் பாதையைப் பார்த்தார். இறக்கை மேலும் கீழும் வெறுமனே அடிக்கவில்லை, எட்டு என்ற எண்ணை எழுதுகிறது என்று தெரிந்தது. அவருடைய உதவியாளர், டப்ளினில் பிறந்த லூசியன் புல், 1904 வாக்கில் மின்பொறியின் வெளிச்சத்தில் நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அதில் ஒரு சாமர்த்தியம் செய்தார். பூச்சி கிளம்பும் அசைவே மின்சுற்றை இயக்கும்படி வைத்திருந்தார். எப்போது கிளம்பும் என்று மனிதன் கண்ணை வைத்துக் காத்திருக்கத் தேவையில்லை. அந்த யோசனை எழுபது ஆண்டு கழித்து சசெக்ஸில் மறுபடி தலைகாட்டும். ஆனால் புல் எடுத்த படங்கள் ஆராய்ச்சிக்கானவை. நிழலுருவில் ஒரு ஈ, ஒரு தும்பி, அவ்வளவே. அதில் பூச்சியின் நிறமும் இல்லை, மயிரும் இல்லை, பூவும் இல்லை.

ஸ்டீஃபன் டால்டன் 1937-இல் பிறந்த ஆங்கிலேயர். தேனீக்களை நெருங்கி எடுத்த படங்களோடு 1960-களின் பிற்பகுதியிலேயே ஒரு புத்தகம் போட்டிருந்தார். 1970-களின் தொடக்கத்தில், தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்தில் இருந்துகொண்டு, தன்னிஷ்டப்படி பறக்கும் பூச்சியை, மயிர்க்கால் தெரியும் துல்லியத்தோடு, வண்ணத்தில் எடுப்பது என்று இறங்கினார். கடையில் போய் வாங்கக்கூடிய எந்தக் கருவியாலும் அது முடியாது. இதை அறிந்த பிறகு பெரும்பாலானவர்கள் பட்டாம்பூச்சிப் பக்கம் திரும்பிவிடுவார்கள். இவர் ரான் பெர்க்கின்ஸ் என்ற மின்னணுப் பொறியாளரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கருவியைச் செய்ய ஆரம்பித்தார். கருவி பதத்துக்கு வர இரண்டு வருடம் ஆயிற்று.

அவிழ்க்க வேண்டிய முடிச்சுகள் மூன்று. முதலில் ஃபிளாஷ். வீட்டு ஈ நொடிக்கு ஏறத்தாழ 200 முறை இறக்கையடிக்கிறது. சாதாரண ஃபிளாஷ் ஆயிரத்தில் ஒரு நொடி எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் இறக்கை ஒரு முழு வீச்சில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியிருக்கும். படத்தில் இறக்கை இருக்கும் இடத்தில் புகை மட்டும் தெரியும். டால்டனும் பெர்க்கின்ஸும் ஃபிளாஷை நொடியின் 25,000-இல் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது அதே ஈ ஒரு வீச்சில் 125-இல் ஒரு பங்குதான் நகரும். நின்றது நின்றபடி விழும்.

சொல்ல எளிது. ஃபிளாஷின் வெளிச்சம் மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்சாரத்திலிருந்து வருகிறது. பெரிய மின்தேக்கி வைத்தால் வெளிச்சம் நிறைய, ஆனால் காலியாக நேரம் பிடிக்கும். சின்னது வைத்தால் சட்டென்று காலியாகும், வெளிச்சம் குறையும். 25 ஏஎஸ்ஏ ஃபிலிமுக்கும் சுருக்கிய அப்பர்ச்சருக்கும் வெளிச்சம் குறைந்தால் ஒன்றும் நடக்காது. தப்பிக்க ஒரே சந்து இருக்கிறது. சேமிக்கும் ஆற்றல் மின்தேக்கியின் கொள்ளளவுக்கு நேர்விகிதமாகத்தான் கூடும். மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கமாகக் கூடும். ஆகவே கொள்ளளவைக் குறைத்து மின்னழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்ற வேண்டும். தொட்டால் ஆளையே தூக்கிவிடும் அழுத்தம். பூச்சிப் படம் எடுக்க உயிரைப் பணயம் வைத்தார்கள் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஈரக் கையோடு யாரும் போயிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, எப்போது அமுக்குவது? துல்லிய ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். பறக்கும் ஈ அந்தத் தளத்தைக் கடக்கும் நேரம், மனிதன் கண்டு விரலை அசைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே ஃபோகஸ் செய்த தளத்தின் குறுக்கே மெல்லிய ஒளிக்கற்றையை விட்டு, எதிரே ஒளியுணர்வான் வைத்தார்கள். பூச்சி கற்றையை வெட்டிய கணத்தில் ஃபிளாஷ் வெடிக்கும். லூசியன் புல்லின் பழைய யோசனைதான், பக்குவப்பட்டு வந்திருக்கிறது. பொத்தானை அமுக்குவது பூச்சி. டால்டன் செய்வதெல்லாம் அது அமுக்குவதற்கு இடம் ஒதுக்கி வைப்பது.

மூன்றாவது ஷட்டர். எனக்கு இதுதான் அழகான முடிச்சாகத் தோன்றுகிறது, ஏனென்றால் பலருக்கு இது ஒரு பிரச்சினை என்றே படாது. இருட்டறையில் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்போம். ஆனால் பகலில் திரியும் பூச்சி இருட்டில் பறக்காது. வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் இருந்தால் ஷட்டரைத் திறந்து வைக்க முடியாது, ஃபிலிம் கெட்டுவிடும். சரி, கற்றை வெட்டுப்பட்டதும் கேமராவின் சொந்த ஷட்டரே திறக்கட்டும் என்றால், ஒற்றை லென்ஸ் கேமராவில் கண்ணாடி எழும்பி ஷட்டர் விலகுவதற்குள் நொடியில் இருபதில் ஒரு பங்கு போய்விடுகிறது. நொடிக்கு இரண்டு மீட்டர் பறக்கும் ஈ அதற்குள் 10 சென்டிமீட்டர் போயிருக்கும். 35 மி.மீ. ஃபிலிமின் சட்டமோ 36 மி.மீ. அகலம். படத்தில் பூ இருக்கும், ஈ இருக்காது. அதனால் வெடுக்கென்று திறக்கும் தனி ஷட்டர் ஒன்றைச் செய்துகொண்டார்கள். கற்றை அறுபட, ஷட்டர் திறக்க, ஃபிளாஷ் வெடிக்க, எல்லாம் பூச்சி கொஞ்ச தூரம் நகர்வதற்குள். அந்தக் கொஞ்ச தூரத்தையும் கணக்கில் வைத்து, கற்றைக்குச் சற்று முன்னால் ஃபோகஸ்.

பூச்சி அந்தக் கற்றை வழியாகத்தான் போகவேண்டும் என்று யார் சொல்வது? ஒரு சுரங்கப் பாதை அமைத்தார்கள். பூச்சியை ஒரு முனையில் விட்டால் வெளிச்சத்தை நோக்கி மறுமுனைக்குப் பறக்கும், வாசலில் கற்றை இருக்கும். வாசலில் எந்தப் பக்கம் சாய்ந்து, எந்த நிலையில் இறக்கையை வைத்துக்கொண்டு வரும் என்பது அதன் இஷ்டம். பின்புறம் காட்டிக்கொண்டு போனால் அந்த ஃபிலிம் சட்டம் வீண்.

இங்கேதான் ஒரு வாதம் கிளம்பும். பூச்சியை அதன் இயல்பான சூழலில் எடுப்பதே உயர்ந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குச் சுரங்கப் பாதை என்பது ஸ்டுடியோ, ஸ்டுடியோ என்பது பொய். இந்தக் கண்டிப்புக்கு நியாயம் உண்டு. பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து, எடுத்து இலை மேல் உட்காரவைத்து, காட்டில் கண்டது என்று போடுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். கால் நிற்கும் விதத்தைப் பார்த்தே அனுபவசாலிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். உயிருள்ள பூச்சி இலையைப் பிடித்திருக்கும். மரத்துப்போனது இலை மேல் வைக்கப்பட்டிருக்கும். போட்டிகளில் இதற்கெல்லாம் விதி போட்டுத் தடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் டால்டனை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. குளிரூட்டப்பட்ட பூச்சி வெளிச் சூழலில் இருந்தாலும் தன் வேலையைச் செய்யவில்லை. சுரங்கத்தில் விடப்பட்ட ஈ அறைக்குள் இருந்தாலும் தன் வேலையைத்தான் செய்கிறது: பறக்கிறது. கட்டிவைக்கப்படாத, ஒட்டப்படாத பறத்தல். அந்தப் படங்களில்தான் இறக்கை பலகை மாதிரி விறைப்பாக இல்லை, மேலேறும்போது ஒரு விதமாகவும் கீழிறங்கும்போது வேறு விதமாகவும் முறுக்கிக்கொள்கிறது, நுனி வளைகிறது என்பதைச் சாதாரண வாசகர்கள் கண்ணால் பார்த்தார்கள். பச்சைக் கண்ணாடியிறக்கைப் பூச்சி ஒன்று கிளம்பி மேலே எழுவதை, அடுத்தடுத்த ஃபிளாஷ்களால் ஒரே சட்டத்தில் பல நிலைகளில் பதித்த படம் ஒன்று உண்டு. நான்கு இறக்கையும் நான்கு வேலை பார்க்கின்றன. அதைச் செடி மறைவில் காத்திருந்து அந்தக் காலத்தில் யாரும் எடுத்திருக்க முடியாது.

சுரங்கம் எதைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது, எதற்குப் பயந்து கிளம்பியது, எந்தப் பூவுக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் இல்லை. அதற்கு வேலியோரத்தில் முட்டி போடுகிறவர்கள்தான் கதி. அவர்களுக்கும் இப்போது காலம் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2016-இல் ஒலிம்பஸ் நிறுவனம் தன் ஓஎம்-டி இ-எம்1 மார்க் 2 கேமராவில் ஒரு வசதி வைத்தது. பொத்தானைப் பாதி அமுக்கியதுமே கேமரா படங்களை எடுத்துத் தற்காலிக நினைவில் வைத்துக்கொண்டே இருக்கும்; முழுதாக அமுக்கினால், அமுக்குவதற்கு முந்தைய படங்களையும் சேர்த்துத் தரும். வண்டு கிளம்பிவிட்டதைப் பார்த்த பிறகு அமுக்கினாலும் அது கிளம்பிய கணம் கையில் இருக்கும். டால்டன் தனி ஷட்டர் செய்து தாண்டிய தாமதத்தை இது பின்பக்கமாகப் போய் அழித்துவிடுகிறது. 2023-இல் அறிவித்த சோனி ஏ9 மூன்றாம் வரிசைக் கேமராவில் சென்சாரின் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் வெளிச்சத்தைப் பதிகின்றன. ஷட்டர் வேகம் நொடியின் 80,000-இல் ஒரு பங்கு வரை போகிறது. டால்டனின் முடிச்சுகள் பெருமளவு தளர்ந்துவிட்டன. ஆழம் 2 மில்லிமீட்டர் என்ற பழைய முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது கருவியின் குறையல்ல, ஒளியின் சுபாவம்.

டால்டனின் படங்கள் 'போர்ன் ஆன் தி விண்ட்' என்ற புத்தகமாக 1975-இல் வந்தன. பூச்சி ஒன்று பூக்களோடு பறக்கும் படம் அதில் ஒரு பக்கம். புத்தகம் வாங்கியவர்கள் வியந்துவிட்டு மேசைமேல் வைத்துவிடுவார்கள். பூச்சிப் புத்தகங்களுக்குப் பொதுவாக அதுவே பெரிய கௌரவம். இரண்டே ஆண்டில் அந்தப் பக்கத்துக்கு வேறு அழைப்பு வந்தது.

1977-இல் இரண்டு வாயேஜர் கலங்களும் கிளம்புவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது, சூரியக் குடும்பத்தை விட்டு வெளியேறப் போகும் அந்தக் கலங்களில் ஏதாவது செய்தி வைக்கலாம் என்ற பொறுப்பு கார்ல் சேகன் தலைமையிலான சிறு குழுவுக்கு வந்தது. இசைத்தட்டு என்று முடிவானது. ஒலிதான் பதியும் என்று நினைத்த தட்டில் படத்தையும் வைக்கலாம் என்றவர் வானியலாளர் ஃபிராங்க் டிரேக். படங்களைத் தேடும் வேலையில் ஓவியர் ஜான் லோம்பர்க் முன்னின்றார். சில வாரங்களே அவகாசம். புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வாரிப்போட்டுப் புரட்டினார்கள். கணிதக் குறியீடு, கோள்கள், டிஎன்ஏ, கரு, பிரசவம், மரம், மீன், சந்தை, பாலம், சாப்பிடும் மனிதன் என்று நூற்றுச் சொச்சம் படங்கள் தேறின. பறக்கும் பூச்சி அப்படித்தான் உள்ளே வந்தது. நல்ல தேர்வு என்பேன். ஒரே சட்டத்தில் பூ இருக்கிறது, அதைத் தேடி வரும் உயிர் இருக்கிறது, இங்கே காற்று இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சிக்கனமான சாட்சி கிடையாது. காற்றில்லாத ஊரில் இறக்கைக்கு வேலை இல்லை. பூமியின் ஒலிகள் என்ற பகுதியில் சிள்வண்டும் தவளையும் கத்துகின்றன. ஆகப் பூச்சிக்குப் படம் ஒன்று, குரல் ஒன்று.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு கசப்பு உண்டு. அதே தட்டில் 55 மொழிகளில் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் கிடைத்த ஆட்களை வைத்து அவசர அவசரமாகப் பதிவு செய்தது. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, மராத்தி, குஜராத்தி, ஒடியா, வங்காளம், பஞ்சாபி, உருது, இந்தி, ராஜஸ்தானி இருக்கின்றன. சிங்களம் இருக்கிறது. யாரும் பேசாத சுமேரியமும் அக்காடியமும் இருக்கின்றன. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பைரவி பாடுகிறார். தமிழ் இல்லை. சதி என்றெல்லாம் நினைக்க வேண்டாம். அந்த வாரம் அந்த ஊரில் சரியான கதவைத் தட்ட ஆளில்லாமல் போயிருக்கும். ஆனாலும் பெயர் தெரியாத பூச்சிக்குக் கிடைத்த இடம் நமக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை.

படத்தை ஒலியாக்கும் வேலை கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் நடந்தது. கொலராடோ வீடியோ என்ற நிறுவனம் ஒவ்வொரு படத்தையும் 512 செங்குத்துக் கோடுகளாக அரிந்தது. ஒவ்வொரு கோட்டிலும் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பது மின்னலையின் ஏற்ற இறக்கமாகி, அது ஒலியாகி, தாமிரத் தட்டின் பள்ளத்தில் ஏறியது. வண்ணப் படமென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று முறை. கோடு ஒன்றுக்கு சுமார் 8 மில்லிநொடி. அதாவது, நொடிக்கு நூற்றிருபது கோடு சொச்சம். அதைக் காதால் கேட்டால் ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொண்டு வெளியே போக வழி தெரியாத கருவண்டின் ரீங்காரம் மாதிரி இருக்கிறது. இதில் பெரிய அர்த்தம் எதுவும் தேட வேண்டாம். மரத்தின் படமும் பிரசவத்தின் படமும்கூட அதே மாதிரிதான் ரீங்கரிக்கின்றன. ஆனால் பூச்சிக்கு மட்டும் அது பொருந்திப்போகிறது.

இந்த மாற்றத்தில் படம் எதை இழந்தது என்று யோசித்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். நொடியின் 25,000-இல் ஒரு பங்கு, தொட்டால் கொல்லும் மின்னழுத்தம், இரண்டு வருட உழைப்பு, எல்லாம் எதற்கு? இறக்கையின் நரம்பும் காலின் மயிரும் பிசிறில்லாமல் விழுவதற்கு. கோடாக்ரோம் அதை விழுங்கி வைத்துக்கொண்டது. புத்தகத்தின் அச்சு கொஞ்சம் இழந்தது. 512 கோட்டில் மயிரெல்லாம் போயிற்று. நம் கைபேசியின் மிக மட்டமான படமும் அதைவிட நுணுக்கமானது. மிஞ்சியது உருவமும் பூவும் விரிந்த இறக்கையும். அவை மங்கலாக இல்லாமல் நிற்கின்றன என்ற ஒன்றுக்கு மட்டும் டால்டனின் ஃபிளாஷ் அங்கேயும் பொறுப்பு.

வாயேஜர் 2 முதலில் கிளம்பியது, 1977 ஆகஸ்ட் 20-இல். வாயேஜர் 1 செப்டம்பர் 5-இல். இரண்டிலும் ஒரு தட்டு, ஆகப் பூச்சியும் இரண்டு. வியாழன், சனி பார்த்துவிட்டு ஒன்று மேலே விலகிப்போனது; மற்றது யுரேனசையும் நெப்டியூனையும் கடந்து போனது. 2012 ஆகஸ்டில் வாயேஜர் 1 சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டி விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்குள் நுழைந்தது, 2018 நவம்பரில் வாயேஜர் 2. வாயேஜர் 1 இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே ஒளி போய்ச் சேரவே 23 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்னும் 40,000 ஆண்டில் கிளீசே 445 என்ற விண்மீனுக்கு 1.6 ஒளியாண்டு தூரத்தில் கடந்துபோகும். பக்கத்தில் போகிறது என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

பூமியில் மிஞ்சிய பிரதிக்கு என்ன ஆனது? தட்டிலுள்ள படங்களில் சிலவற்றை மட்டுமே நாசா தன் இணையதளத்தில் காட்டுகிறது. மீதிக்குக் காப்புரிமை தடை. அனுப்பினோம் என்று பட்டியலில் பெயர் இருக்கும், திறந்து பார்க்க முடியாது. பிறகு 2017-இல் அந்த இசைத்தட்டின் ஒலிகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த சமயத்தில், மென்பொருள் எழுதுகிற ஒருவர் படப் பகுதியின் ரீங்காரத்தைக் கணினியில் போட்டு, தட்டின் உறையில் பொறித்திருக்கும் குறிப்புகளை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, கோடு கோடாகக் கோத்து மறுபடி படங்களாக்கினார். இடது பக்கத்து ஒலியில் ஒரு படம், வலது பக்கத்தில் வேறு படம் என்று பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கோடுகள் அங்கங்கே நழுவின, நிழல்கள் கோணின. ஆனாலும் படங்கள் வந்தன. வேற்றுலகத்தார் செய்வார்கள் என்று எதிர்பார்த்து வைத்த வேலையை நாற்பது வருடம் கழித்து மனிதனே செய்து பார்த்து, குறிப்புகள் சரியாகத்தான் இருக்கின்றன என்று உறுதிப்படுத்தியாயிற்று. அதில் எதிர்பாராத வசதி அவருக்கு ஒன்று இருந்தது: கிடைத்ததில் எது பூ, எது பூச்சி என்று அவருக்கு முன்பே தெரியும்.